கத்ர் அல்ல, கழற்றி வைத்த மூடி



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளைத் தச்சுப் பட்டறைக்கோ வெல்டிங் கடைக்கோ அனுப்பியிருப்பவர்கள் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

ஓஎல் எழுதிவிட்டு, "ரிசல்ட் வரும் வரைக்கும் சும்மா இருக்காம வேலை பழகட்டும்" என்று வீட்டார் அனுப்பிய பிள்ளை, கையில் கட்டோடு பாடசாலைக்கு ரிசல்ட் ஷீட் எடுக்க வந்தான். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. கையெழுத்துப் போட இடது கையால் பேனை பிடித்தான். பார்த்துக்கொண்டு நின்ற எங்களில் ஒருவர் சொன்னார்: "கழா கத்ர், என்ன செய்ய?"

கத்ரை நாங்கள் நம்புகிறோம். அது ஈமான். ஆனால் அந்த கிரைண்டரின் மூடியைக் கழற்றி மூலையில் போட்டது மனிதக் கை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் (ஸல்) உம்மத், கட்டாமல் விட்டுவிட்டுக் கத்ர் பேசுகிறது.

நடப்பது இதுதான். நாலங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 10,000 தடவைக்கு மேல் சுற்றும். அது இரும்பு வெட்டவும் தேய்க்கவும் செய்தது. நாங்கள் அதில் மரம் அறுக்கிற பல் பிளேட்டைப் பூட்டுகிறோம். பெரிய பிளேட் மூடிக்குள் அடங்காது என்பதால் மூடியைக் கழற்றுகிறோம். ஏழங்குல மரவாள் மெஷின் சுற்றுவது கிட்டத்தட்ட 5,000 தடவைதான். அந்த பிளேட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுகிறோம். பல் ஒரு கணுவிலோ பழைய ஆணியிலோ இறுகினால் மெஷின் துள்ளித் திரும்பும். கையை எடுக்க நேரமே இருக்காது.

"மூடி இருந்தா கோடு தெரியாது சேர்." கோடு கொஞ்சம் பிசகினால் வேறு பலகை வாங்கலாம். விரல் வாங்க முடியாது.

"இருபது வருஷமா இப்படித்தான் செய்யிறம்." பாஸுக்கு இருபது வருடக் கைப்பழக்கம். பிள்ளைக்கு இரண்டு கிழமை.

"கிளவுஸ் போட்டிருக்கான்." சுற்றுகிற பல்லில் துணிக் கிளவுஸ் மாட்டினால் கையையும் சேர்த்தே இழுக்கும்.

முதலாளிமாருக்கு ஒன்று சொல்கிறோம். ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்கு மறைப்பு வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே சொல்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆபத்தான தொழில்களில் வைப்பதும் சட்டப்படி குற்றம். காயப்பட்டவனுக்கு நீங்கள் கொடுக்கும் காசு ஸதகா அல்ல. வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் 1934இல் இருந்து இருக்கிறது. அது அவனுடைய ஹக்.

எங்களுக்கும் ஒன்று. "இவனுக்குப் படிப்பு ஏறாது, ஒரு தொழிலுக்கு விடுங்க" என்று வாப்பாவிடம் சொன்னது நாங்கள்தான். எந்தப் பட்டறை, என்ன மெஷின், மூடி இருக்கிறதா என்று ஒரு நாளாவது போய்ப் பார்த்தோமா? விரல் போன பிறகு பள்ளிவாசலில் சல்லி சேர்க்கிறோம். மூடி கழற்றுவதைப் பற்றி ஒரு ஜும்ஆவிலாவது பேசினோமா?

இனியாவது கேளுங்கள். மரத்துக்கு மூடியுள்ள மரவாள் மெஷின், இரும்புக்குத்தான் கிரைண்டர். பிளேட் மாற்ற முன்னர் பிளக்கைக் கழற்ற வேண்டும். பலகையைக் கையால் பிடிக்காமல் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். சுவிட்சை றப்பர் போட்டுக் கட்டி வைக்கக் கூடாது.

அப்படியும் விரல் துண்டானால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி, 1990க்கு அழையுங்கள். விரலை ஈரத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரலில் நேரடியாக ஐஸ் படக் கூடாது.

நாளை உங்கள் பிள்ளை வேலை செய்யும் இடத்துக்கு ஒருக்கால் போய்வாருங்கள். முதலில் மூடியைத் தேடுங்கள். இல்லையென்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அல்லாஹ் எங்கள் பிள்ளைகளின் கைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.