‘கேஸ்’ என்னும் சொல் மறைப்பவை

நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், வயிற்று உப்புசம், மார்பு வலி ஆகிய நான்கையும் நம் வளாகங்களில் ‘கேஸ்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். பெயர் ஒன்றானதால் தீர்வும் ஒன்றாகிவிட்டது: மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஒரு மாத்திரை. இப்பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து.

நெஞ்செரிச்சல் பெரும்பாலும் வாயுவாலோ மிகையான அமிலச் சுரப்பாலோ வருவதன்று. ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாய் இரைப்பையைச் சேருமிடத்தில் ஒரு சுருக்குத்தசை கதவுபோல் இயங்குகிறது. அது வேண்டாத வேளையில் தளர்ந்தால் அமிலம் மேலேறும். அமிலத்தைத் தாங்கும் சளிக்கவசம் இரைப்பைக்கு உண்டு. உணவுக்குழாய்க்கு அத்தகைய காப்பு இல்லை. ஆகவே அதன் உட்சுவரில் அழற்சி உண்டாகிறது. அது நெடுநாள் நீடித்தால் தழும்பேறிக் குழாய் குறுகலாம்; சிலருக்குச் செல்கள் உருமாறிப் புற்றுநோய் வாய்ப்பும் கூடலாம். எரிச்சலின் கடுமையைக் கொண்டு புண்ணின் கடுமையைக் கணிக்கவும் இயலாது.

ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்றவை சுரப்பைக் குறைத்துப் புண்ணை ஆற்றும் நல்ல மருந்துகளே. ஆயினும் தளர்ந்த தசையை அவை இறுக்குவதில்லை. மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளின் பட்டியலில் அவை இருந்தும், கேட்டவுடன் கிடைக்கின்றன. மாதக்கணக்கில் உட்கொண்டு திடீரென நிறுத்தினால் அமிலம் முன்னிலும் மிகுந்து சுரக்கக்கூடும். நோய் திரும்பிவிட்டதென்று கருதி மீண்டும் அதே மாத்திரையை நாடுகிறோம். முகப்பருவுக்கான டாக்ஸிசைக்ளினைப் போதிய நீரின்றி விழுங்கி உடனே படுத்தாலும் உணவுக்குழாய் புண்படும். அதற்கும் நாம் வைக்கும் பெயர் ‘கேஸ்’தான்.

பகலைத் தேநீரில் கழித்து, இரவு 10 மணிக்கு வயிறு நிறைய உண்டு, உடனே சாய்வது ஆய்வு வாழ்வின் இயல்பாகிவிட்டது. இதனை மாணவரின் ஒழுங்கின்மை என்று மட்டும் பழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆய்வகப் பணிநேரமும் விடுதி உணவுநேரமும் ஒன்றையொன்று அறியாமல் வகுக்கப்படுகின்றன. உண்பதற்கும் உறங்குவதற்கும் இடையே 3 மணி நேரம் வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. அதனைக் கடைப்பிடிக்க வழிசெய்வது நிறுவனங்களின் கடமை.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது, மாரடைப்பின் வலியையும் இச்சொல்லால் தள்ளிவிடுவது. மார்பை அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவுதல், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் மாத்திரையைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று ஈசிஜி எடுக்க வேண்டும். விழுங்குவதில் இடர், காரணமற்ற எடைக்குறைவு, கறுத்த மலம், இரத்த வாந்தி ஆகியவற்றிலும் தாமதம் கூடாது.

ஆய்வேட்டில் ஒரு கலைச்சொல்லைத் தளர்வாகக் கையாண்டால் நெறியாளர் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவார். நம் உடலைப் பற்றிப் பேசும்போதும் அந்தக் கறார்த்தன்மை நமக்கு வேண்டும்.