பழைய மதிப்பு எங்கே?



போன மாதம் கம்ப்யூட்டர் லேபில் என் நண்பன் ஒரு மென்பொருளின் செட்டிங்ஸ் அட்டவணையைத் திறந்தான். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் மதிப்பு. ஒரு கட்டத்தில் இருந்த எண்ணை அழித்துவிட்டு 5 என்று போட்டான். அவ்வளவுதான், திரையில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஆயிடுச்சு! முன்பு என்ன எண் இருந்தது? அவனுக்கும் ஞாபகமில்லை, அட்டவணையிலும் இல்லை. கடைசியில் மென்பொருளையே எடுத்துவிட்டு மறுபடி போட்டார்கள். திட்டு வாங்கியவன் இப்போது மவுசைத் தொடவே பயப்படுகிறான்.

தப்பு அவனுடையது மட்டும்தானா? பாதித் தப்பு அந்த அட்டவணையுடையது என்பேன்.

விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைப் பாருங்கள். பெயர், வகை, தரவு என மூன்றே நெடுவரிசைகள். மாற்றி ஓகே கொடுத்தால் உடனே பதிந்துவிடும். அன்டூ கிடையாது. முன்கூட்டியே எக்ஸ்போர்ட் செய்து வைத்தவர் தப்பித்தார்.

பயர்பாக்ஸின் 'அபவுட் கான்ஃபிக்' பக்கமும் நீளமான அட்டவணைதான். ஆனால் நாம் மாற்றிய வரி தடித்த எழுத்தில் தெரியும். ஓரத்தில் இருக்கும் பட்டனை அழுத்தினால் ஆரம்ப மதிப்பு திரும்ப வந்துவிடும். ஆம், இல்லை என்ற மதிப்புகளைத் தட்டச்சு செய்யவே வேண்டாம், ஒரு கிளிக் போதும். ஒரே குறை, எந்த வரி எதற்கு என்ற விளக்கம் அங்கே இல்லை. 1998இல் வந்த விசுவல் பேசிக் 6-ன் பிராப்பர்ட்டீஸ் அட்டவணையில் அது இருந்தது. ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் கீழே சின்ன விளக்கம் வரும்.

"இதெல்லாம் விவரம் தெரிந்தவர்களுக்கான பக்கம், மாணவர்கள் ஏன் தொடணும்?" என்று சிலர் கேட்கலாம். விவரம் தெரிந்தவர்களும் மறப்பார்கள் அல்லவா? கிணற்றருகே 'ஜாக்கிரதை' என்று போர்டு வைத்தால் மட்டும் போதுமா, சுற்றுச்சுவர் வேண்டாமா?

பிராஜெக்ட் செய்யும் நண்பர்களே! உங்கள் செட்டிங்ஸ் அட்டவணையில் பெயர், இப்போதைய மதிப்பு, ஆரம்ப மதிப்பு, விளக்கம் என்று நான்கு நெடுவரிசைகள் வையுங்கள். வரிக்கு ஒரு 'பழையபடி' பட்டனும் வையுங்கள். அதுவரை, எதை மாற்றினாலும் முதலில் பழைய மதிப்பை நோட்டில் குறித்துக்கொள்வோம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "தொடாதே" என்பதைவிட, "எழுதி வச்சுட்டுத் தொடு" என்று சொல்லுங்கள். நாங்கள் பயமில்லாமல் கற்றுக்கொள்வோம்.



– 11ஆம் வகுப்பு மாணவன்