மலைச்சரிவில் ஒரு பாவலர்

இசைக்குழுவின் முன்னின்று பாடுவோர் வரலாற்றை மேனாட்டார் அரிதின் முயன்று காக்கின்றனர். 'குயீன்' என்னும் ராக் இசைக்குழுவின் தலைமைப் பாடகராய் விளங்கிய பிரெடி மெர்க்குரி என்பார் 1946-ஆம் ஆண்டு சான்சிபாரில் தோன்றி, இளமையில் நம் நாட்டுப் பஞ்சகனியில் கல்வி பயின்று, 1991-ஆம் ஆண்டு இலண்டனில் மறைந்தார். 1985-ஆம் ஆண்டு வெம்பிளி அரங்கில் அவர் பாடியதை, அன்று பிறந்திராத மாணவராகிய நாமும் இன்று கண்டும் கேட்டும் மகிழ்கின்றோம். நன்று. ஆயின், நம் மேற்கு மலையடிவாரத்தில் தோன்றி எளியோர் நெஞ்சை ஈர்த்த ஒரு குழுவின் தலைமைப் பாடகரை நம்முள் எத்துணைப் பேர் அறிவர்? அவர் பாடல்களும் தமிழ் இலக்கியத்துள் வைத்துக் கற்கத்தக்கன என்பதே யாம் ஈண்டுக் கூறப்புகுவது.

போடிநாயக்கனூருக்குத் தெற்கே, அதே மலைத்தொடரின் அடியில், உத்தமபாளையம் வட்டத்தில் பண்ணைப்புரம் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர் டேனியல் இராமசாமி என்பாரின் மைந்தர் வரதராசன். பொதுவுடைமைக் கொள்கையில் பற்றுக்கொண்டு, மேடைதோறும் தாமே பாட்டுக் கட்டித் தாமே பாடினமையின் 'பாவலர் வரதராசன்' எனப் பெயர் பெற்றார். அவர்தம் மாற்றாந்தாய் சின்னத்தாயம்மாளின் மக்களாகிய பாஸ்கர், ராசையா, அமர்சிங் என்னும் தம்பியர் மூவரும் அவருக்குத் துணைநின்றனர். 'பாவலர் பிரதர்ஸ்' என்பது அக்குழுவின் பெயர். ராசையா தம் பதினான்காம் வயதளவில் தமையனாரோடு சேர்ந்து, ஏறத்தாழப் பத்தாண்டுகள் தென்னாடெங்கும் சுற்றினார். அவரே பின்னாளில் இளையராஜா எனவும், அமர்சிங்கே கங்கை அமரன் எனவும் உலகறியப் பெயர் பெற்றோர்.

பாவலர் வாழ்வில் பலரும் எடுத்துரைப்பது 1958-ஆம் ஆண்டுத் தேவிகுளம் இடைத்தேர்தல். போடியினின்று 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறிப் பூப்பாறை வழியே சென்றால் தேவிகுளம் சேரலாம். 1956 நவம்பர் முதல் நாளில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது அந்நிலம் கேரளத்தின்பால் நின்றது. ஆயினும் அங்கே தோட்டங்களில் உழைத்தோருள் மிகப் பலர் தமிழர். 1957-ஆம் ஆண்டுத் தேர்தலில் 126 இடங்களுள் 60 பெற்ற பொதுவுடைமைக் கட்சி, சுயேச்சை உறுப்பினர் துணையோடு ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் ஆட்சி அமைத்தது. அக்கட்சியின் சார்பில் தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூசு அம்மையாரின் தேர்தல் வழக்கினால் செல்லாததாகவே, மறுதேர்தல் வந்தது. சில இடங்களின் வேறுபாட்டால் நிலைபெற்றிருந்த ஆட்சிக்கு அஃது ஒரு பெருஞ்சோதனை. மலையாளம் பேசும் தலைவர்கள் தமிழ்த் தொழிலாளரிடம் தம் கருத்தைக் கொண்டுசெல்ல வேண்டிய அவ்வேளையில், பண்ணைப்புரத்துப் பாவலர் மலையேறிப் பாடினார். அம்மையார் மீண்டும் வென்றார். ஒரு பாட்டினாலேயே தேர்தல் வெல்லப்படும் எனின் அது மிகைக்கூற்றாகும்; சங்கங்களின் உழைப்பும் கூலித் துயரும் அவ்வெற்றிக்குக் காரணங்களே. எனினும், எழுத்தறியாதார் பலராயிருந்த கூட்டத்தில் துண்டறிக்கை செல்லாத இடத்திற்குப் பாட்டுச் சென்றது என்பதை மறுப்பார் யார்?

அப்பாட்டு எவ்வாறு அவர்களைச் சேர்ந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். ஏலச்செடியின் காய்கள் தண்டின் உச்சியில் தொங்குவனவல்ல. அடியில், மண்ணை ஒட்டிப் படரும் சரங்களில் காய்ப்பன. முற்றியவற்றை மட்டும் தெரிந்தெடுக்க வேண்டுதலின், பெண்கள் நாள்முழுதும் குனிந்தும் குந்தியும் பறிப்பர். கையும் கண்ணும் தொழிலில் ஈடுபட்டிருக்க, வாயும் செவியும் ஓய்ந்திருக்கும். இத்தகைய தொழிலாளர்க்குப் பாட்டு உயிர்த்துணை. பாவலர் அவர்கள் முன்பே அறிந்த நாட்டுப்புற மெட்டையும் திரைப்பட மெட்டையும் எடுத்து, அவற்றுள் கூலியையும் பசியையும் ஆட்சியையும் பற்றிய புதுச்சொற்களை வைத்தார். மெட்டு முன்பே மனத்திலிருந்தமையின், சொல் ஒருமுறை கேட்ட அளவிலே பதிந்தது.

நிற்க. இதன்மேல் இரு தடைகள் எழும். பிறர் மெட்டில் பாடியது எங்ஙனம் புலமையாகும் என்பது ஒன்று. கட்சிப் பாட்டு எங்ஙனம் இலக்கியமாகும் என்பது மற்றொன்று.

முன்னதற்கு நம் இலக்கிய வரலாறே விடையிறுக்கும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் மக்கள் நன்கறிந்த குறவஞ்சி அமைப்பை மேற்கொண்டன்றோ பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார்? அண்ணாமலை ரெட்டியாரும் காவடி எடுத்து ஆடுவோரின் இசையையே தம் சிந்துக்கு நிலைக்களனாகக் கொண்டார். அவர்களைப் புலவர் எனப் போற்றும் நாம், அம்முறையையே கையாண்ட பண்ணைப்புரத்தாரை மட்டும் விலக்குதல் நடுவுநிலை ஆகாது.

பின்னதற்கு விடை சிறிது அரிது. கட்சிப் பாடல்களுள் பல, தேர்தல் முடிந்த மறுநாளே மடிவன; பாவலர் பாடல்கள் யாவும் காலத்தை வெல்லும் என்று யாமும் வழக்குரைக்க வரவில்லை. ஆயின், மன்னனைப் பாடிப் பரிசில் வேண்டிய பாணர் மரபை இலக்கியம் எனக் கற்கும் நாம், கூலியாளைப் பாடி வாக்கு வேண்டியவனைக் கல்லாதே தள்ளுதல் தகுமோ? அவற்றுள் எது நிற்கும், எது வீழும் என்பதைக் கற்ற பின்னரே கூறல் வேண்டும். கொள்கையில் உடன்படுதல் வேறு. கவிதையை மதிப்பிடுதல் வேறு.

1968-ஆம் ஆண்டு தம்பியர் சென்னை சென்றனர். 1973-ஆம் ஆண்டு பாவலர் மறைந்தார். 1976-ஆம் ஆண்டு 'அன்னக்கிளி' வெளிவந்து இளையராஜாவின் பெயரை வீடுதோறும் கொண்டுசென்றது. அவ்வெற்றியைக் காண அண்ணன் இலர். தம்பியர் தமையனை மறந்தாரல்லர்; 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்னும் பெயரால் திரைப்படங்கள் எடுத்தனர். 2025 மார்ச்சு 8-ஆம் நாள் இலண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது தமிழுலகம் களிகூர்ந்தது, யாமும் களித்தோம். அவ்வரங்கிற்குச் சென்ற நெடுவழி, தமையனாரோடு மேடைதோறும் பாடித்திரிந்த நாளில் தொடங்கியது என்பதையும் நினைத்தல் நன்று. ஆயினும், புகழ்பெற்ற ஒருவரின் தமையனார் என்னும் அளவில் மட்டும் ஒரு பாவலரை நினைப்பது அவருக்குச் செய்யும் நீதி ஆகாது. அவர் தம் பாட்டினாலேயே அளக்கப்படல் வேண்டும்.

இன்றும் போடி ஏலக்காய் ஏலத்திற்குப் பெயர்பெற்ற ஊர். விலை கணினித் திரையில் ஏறியிறங்குகின்றது. வைகறையில் ஜீப்புகள் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு மலைமேற் செல்கின்றன. 1958-ஆம் ஆண்டில் இருபது வயதினராய்ப் பாவலர் பாட்டைக் கேட்டோர் இன்று எண்பதை நெடிது கடந்தவர். அவருள் சிலர் நம் மாணவரின் பாட்டனார் பாட்டியராகவே இருத்தல் கூடும். ஓலைச்சுவடிகளைத் தேடி ஊரூராய் அலைந்த உ. வே. சாமிநாதையர் செய்த தொண்டினை நாம் மேடையேறிப் புகழ்கின்றோம். நமக்கோ அத்துணை அலைச்சலும் இல்லை. கையிலுள்ள கைபேசியே குரலைப் பதிவு செய்யும்.

ஆதலின், தேவாரம், கோம்பை, போடி, கம்பம் ஆகிய ஊர்களினின்று வந்து பயிலும் நண்பர்களை யாம் வேண்டுவது ஒன்றே. வரும் கோடை விடுமுறையில் வீட்டு முதியோர் அருகமர்ந்து, அவர் நினைவிலுள்ள அடிகளைப் பாடச்சொல்லிக் கேளுங்கள்; மெட்டையும், பாடிய இடத்தையும், கேட்ட ஆண்டையும் உடன் குறித்துக்கொள்ளுங்கள். கல்லூரி திறந்ததும் அவற்றை நம் தமிழ்த்துறையில் சேர்ப்பின், ஆசிரியர் துணையோடு ஒப்புநோக்கித் தொகுக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் கேட்டோர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகின்றது. அடுத்த ஆண்டிற்கென இப்பணியை ஒத்திவைத்தல் நன்றன்று.