தண்டனை மட்டும் போதுமா?

விளையாட்டு, இசை, வடிவமைப்பு, போதைப்பொருள் சட்டம். இந்நான்குக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஜொகூர், குளுவாங் மாவட்டத்தில் உள்ள பாலோ என் ஊர். செம்பனைத் தோட்டங்களும் இரயில் பாதையும் சூழ்ந்த சிற்றூர். அங்குள்ள பெரியவர்கள் இளைஞர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்நான்கும் தாமாகவே வந்து சேரும். "பந்து விளையாடப் போகிறேன் என்கிறான், எங்கே போகிறானோ?" "உறுமி அடிக்கிற கூட்டத்தோடு சேராதே." "நாலு பேரைத் தூக்கில் போட்டால்தான் மற்றவன் திருந்துவான்." இந்தப் பேச்சில் அக்கறை இருக்கிறது. ஆனால், அந்தக் கடைசி முடிவு சரிதானா என்பதே என் கேள்வி.

நம் நாட்டில் தண்டனைக்குக் குறைவில்லை. 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின்படி, 15 கிராம் ஹெரோயின் அல்லது 200 கிராம் கஞ்சா வைத்திருப்பவர் கடத்தல்காரர் என்றே அனுமானிக்கப்படுவார். 1983 முதல் கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை இருந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2023 ஜூலை 4ஆம் நாள் அந்தக் கட்டாயம் நீங்கியது. இப்போது நீதிபதி, மரண தண்டனைக்குப் பதிலாக ஆயுள் தண்டனையும் பிரம்படியும் விதிக்கலாம். அந்த நாற்பது ஆண்டுகளில் போதைப்பொருள் ஒழிந்ததா? ஒழிந்திருந்தால் நம் பெற்றோர் இன்றும் அஞ்ச வேண்டியதில்லையே!

விளையாட்டு உலகம் இதில் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் கனடாவின் பென் ஜோன்சன் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். ஊக்கமருந்து உட்கொண்டது தெரிந்ததும் பதக்கம் பறிக்கப்பட்டது. கனடா அத்துடன் நின்றுவிடவில்லை. நீதிபதி சார்ல்ஸ் டுபின் தலைமையில் விசாரணை நடத்தியது. பயிற்றுநரும் மருத்துவரும் வந்து சாட்சி சொன்னார்கள். ஓடியவர் ஒருவர், ஓட வைத்தவர்கள் பலர் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்தது.

நம் பிள்ளைகள் பிடிபடும்போது இந்தக் கேள்வியை நாம் கேட்கிறோமா? ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம், 2009இல் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் 42.72 கிராம் ஹெரோயினுடன் பிடிபட்டார். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று மதிப்பிடப்பட்டிருந்தது. 2022 ஏப்ரல் 27ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அதே சாவடியில் 2014இல் 51.84 கிராமுடன் பிடிபட்டவர் பன்னீர் செல்வம் பரந்தாமன். அவரும் ஈப்போக்காரர். 2025 அக்டோபர் 8ஆம் நாள் அவருடைய உயிரும் போனது. கடத்தலை நான் நியாயப்படுத்தவில்லை. சுமந்தவர்களின் கதை முடிந்தது, சுமக்க வைத்தவர்கள் எங்கே என்றுதான் கேட்கிறேன். ஜொகூர் பாலத்தைக் கடந்தால் அந்தச் சாவடிதான். வேலைக்காக அதை அன்றாடம் கடக்கும் நம் அண்ணன் தம்பிகள் எத்தனை பேர்!

பன்னீர் செல்வம் சிறையில் இருந்தபடி கவிதைகளும் பாடல் வரிகளும் எழுதினார். அதை எண்ணும்போது, நம் இளைஞர்களிடம் உள்ள இசையை நாம் எப்படி நடத்துகிறோம் என்று யோசிக்கத் தோன்றுகிறது. உறுமி என்றாலே குண்டர் கும்பல், ராப் என்றாலே சீரழிவு என்று முத்திரை குத்திவிடுகிறோம். 2006இல் யோகி பி குழுவினர் 'வல்லவன்' இசைத்தொகுப்பை வெளியிட்டு, மலேசியத் தமிழ் ராப்பைத் தமிழ்நாட்டுக்கே கொண்டு சென்றதை மறந்துவிட்டோம். மாலையில் உறுமிப் பயிற்சிக்குச் செல்பவனுக்கு ஓர் ஆசான் இருக்கிறார், ஒரு குழு இருக்கிறது, அவன் வராவிட்டால் தேட நாலு பேர் இருக்கிறார்கள். திடலில் காற்பந்து ஆடுபவனுக்கும் அப்படித்தான். இரண்டையும் பூட்டிவிட்டால் அவனை யார் தேடி வருவார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

அடுத்தது வடிவமைப்பு. சிகரெட் பெட்டியில் நோயின் படத்தை அச்சிட வேண்டும் என்று உலகில் முதன்முதலில் கட்டாயமாக்கிய நாடு கனடா. 2001இல் அது நடைமுறைக்கு வந்தது. மலேசியா 2009இல் பின்பற்றியது. பெட்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை கண்ணில் படுகிறது. நம் போதைப்பொருள் எச்சரிக்கைப் பலகைகளோ பெரும்பாலும் தூக்குக் கயிற்றையும் மண்டை ஓட்டையும் காட்டி அச்சுறுத்துவதோடு சரி. "தெரிந்தவர் கொடுத்தாலும் உள்ளே என்னவென்று தெரியாத பொட்டலத்தைச் சுமக்காதே", "பழக்கம் தொற்றிவிட்டதா? உதவிக்கு இங்கே வா" என்று எளிய தமிழில் சொல்லும் சுவரொட்டியைத் தோட்டக் கடையிலோ பேருந்து நிறுத்தத்திலோ நான் கண்டதில்லை.

கனடா 2018 அக்டோபர் 17ஆம் நாள் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. நாமும் அப்படிச் செய்ய வேண்டும் என்பது என் வாதமன்று. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. நம் நாட்டிலேயே 2005இல் மெத்தடோன் சிகிச்சையும், 2006இல் ஊசி மாற்றுத் திட்டமும் தொடங்கப்பட்டன. அதற்கு முன் எச்.ஐ.வி. தொற்றியவர்களில் பெரும்பாலோர் ஊசியால் போதை ஏற்றியவர்கள். இன்று புதிதாகத் தொற்றுவோரில் அவர்கள் சிறு பங்கே. அடிமையானவனை நோயாளியாகப் பார்த்ததில் நாடு நன்மைதான் கண்டது. நோய் என்ன, அதன் காரணம் என்ன என்று அறிந்த பிறகே மருத்துவம் செய்யச் சொன்ன வள்ளுவர் வழியும் இதுவே.

பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களாகிய நாம் ஆண்டுதோறும் தோட்டப்புறங்களுக்கு முகாம் செல்கிறோம். தன்முனைப்பு உரையாற்றிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். இனி ஒரு காற்பந்துப் போட்டியையும், உறுமிக் குழுவினருக்கு ஒரு மேடையையும், நாமே வரைந்த தமிழ்ச் சுவரொட்டிகளையும் சேர்த்துக்கொள்வோமே! சிகிச்சை எங்கே கிடைக்கும் என்ற விவரத்தைத் தமிழில் அச்சிட்டு வீடுதோறும் கொடுப்போமே! சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் நம் கையில் இல்லை. பாலோ போன்ற ஊர்களில் ஒரு திடலின் விளக்கை எரிய வைக்க நம்மால் முடியும்.