ஓடுகிறது என்பதற்காக நம்பலாமா?

"அண்ணே! கல்யாணப் பத்திரிகை இதில் இருக்கிறது. 300 பிரதி வேண்டும். முகூர்த்தம் நெருங்கிவிட்டது!"

டி.டி.பி. கடைக்கு வந்தவர் ஒரு பென் டிரைவை நீட்டுகிறார். கடைக்காரர் அதை வாங்கிக் கம்ப்யூட்டரில் சொருகுகிறார். உள்ளே இருக்கும் கோப்பைப் பேஜ்மேக்கரில் திறக்கிறார்.

அந்த ஒரு நொடியில் கம்ப்யூட்டரே திருடன் கைக்குப் போய்விடலாம்!

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், நடக்க முடியாதது அல்ல.

பேஜ்மேக்கர் கதை

பேஜ்மேக்கர் 1985-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தது. ஆல்டஸ் என்ற கம்பெனி அதை உருவாக்கியது. பக்கம் அமைக்கும் வேலையை மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே செய்ய வழி பிறந்தது. 1994-ல் ஆல்டசை அடோபி கம்பெனி வாங்கியது.

2001-ல் வந்த 7-வது பதிப்புதான் கடைசி. அதன் பிறகு புதுப் பதிப்பு வரவில்லை. ஆனால், தமிழ்நாட்டு டி.டி.பி. கடைகளில் பேஜ்மேக்கர் அதன் பிறகும் பல ஆண்டுகள் ஓடியது. கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ் எல்லாம் அதில் தயாராயின.

2007 அக்டோபரில் அந்தப் பேஜ்மேக்கரில் ஆபத்தான ஓட்டை இருப்பதை அடோபியே அறிவித்தது.

ஓட்டை எங்கே?

எந்த எழுத்து வகையில் அச்சிட வேண்டும் என்று ஒவ்வொரு கோப்பிலும் பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயரை வைக்கக் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் பேஜ்மேக்கர் ஓர் அறை ஒதுக்கும். பெயர் அந்த அறைக்குள் அடங்குமா என்று அது அளந்து பார்க்கவில்லை. அதுதான் பிழை!

ஈய எழுத்துக் காலத்து அச்சுக்கோப்பாளர் வரி நிறைந்ததும் நிறுத்திக்கொள்வார். மீதியை அடுத்த வரிக்குக் கொண்டுபோவார். பேஜ்மேக்கருக்கு அந்த நிதானம் இல்லை. ஒருவன் வேண்டுமென்றே மிக நீளமான பெயரை எழுதி வைத்தால், அது அறையை மீறிப் பக்கத்து இடத்திலும் போய் விழும்.

அந்த இடத்தில், "அடுத்து எங்கே போகவேண்டும்" என்று கம்ப்யூட்டருக்கு வழி சொல்லும் குறிப்பு இருக்கும். அது அழிந்து, திருடன் எழுதிய வழி அங்கே உட்கார்ந்துவிடும். பிறகு கம்ப்யூட்டர் அவன் சொன்னபடி ஆடும்!

இது புதிய தந்திரமும் அல்ல. 1988 நவம்பரில் அமெரிக்க மாணவர் ஒருவர் ஏவிய "புழு" என்ற புரோகிராம், இதே வகை ஓட்டையையும் பயன்படுத்தி ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களைத் தாக்கியது. 19 ஆண்டு கழித்தும் அதே பிழை!

கடையில் என்ன இருக்கிறது?

"பத்திரிகை அடிக்கும் கம்ப்யூட்டர்தானே? திருட என்ன இருக்கிறது?" என்று சிலர் நினைக்கலாம்.

அதில் வாடிக்கையாளரின் போட்டோ இருக்கிறது. ஆதார் நகல் இருக்கிறது. போன் நம்பர் இருக்கிறது. பாங்குக் கணக்கையும் அதிலேயே பார்ப்பவர்கள் உண்டு. போனால், கடைக்காரருக்கு மட்டுமா நஷ்டம்? நம்பிக் கொடுத்த குடும்பங்களுக்கும்தான்!

2007-ல் கண்ட ஓட்டையை அடைக்க அடோபி வழி செய்தது. அதைப் போடாத கம்ப்யூட்டரில் ஓட்டை அப்படியே இருக்கும். இனி வேறு ஓட்டை தெரிந்தாலும் அடைக்க ஆள் இல்லை.

என்ன செய்யலாம்?

புதியது வாங்கப் பணம் வேண்டும். பழைய தமிழ் எழுத்துகளில் செய்த கோப்புகள் புதிய மென்பொருளில் சரியாக வருவதில்லை. சிறு கடைக்காரரின் இந்தக் கஷ்டம் நியாயமானதே. அதற்காக ஆபத்தை அணைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பழைய பேஜ்மேக்கர் தேவையானால், அதைத் தனிக் கம்ப்யூட்டரில் வைக்கட்டும். அதற்கு இண்டர்நெட் வேண்டாம். பாங்குக் கணக்கும் வாடிக்கையாளர் விவரமும் அதில் வேண்டாம். முன்பின் தெரியாதவர் கொண்டுவரும் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்க வேண்டாம். வாசகத்தைத் தாளில் எழுதி வாங்கிப் புதிதாக அடிக்கலாம். புது வேலைக்கு ஸ்கிரைபஸ் போன்ற இலவச மென்பொருளைப் பழகிப் பார்க்கலாம்.

"இத்தனை நாள் ஓடியதே, இனி என்ன ஆகும்?" என்பது பேச்சுக்கு நன்றாக இருக்கும். மாவு நன்றாக அரைக்கிறது என்பதற்காக, ஒயர் பிய்ந்த கிரைண்டரில் யாராவது கை வைப்பார்களா?