வரி போடும் பேனா யார் கையில்?

2025 ஏப்ரல் 2ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் வெள்ளை மாளிகையில் காட்டிய அட்டையில் இலங்கையின் பெயரும் இருந்தது. பெயருக்கு எதிரே இரண்டு எண்கள்: 88, 44. இலங்கை அமெரிக்கப் பொருட்களுக்கு 88 வீத வரி விதிக்கிறது, எனவே நாம் அதில் பாதியை விதிக்கிறோம் என்பது அதன் பொருள்.

நாம் 88 வீத வரி விதிக்கவில்லை. 2024இல் அமெரிக்கா நம்மிடமிருந்து சுமார் 300 கோடி டொலர் பொருட்களை வாங்கியது. நாம் அங்கிருந்து வாங்கியது 40 கோடி டொலருக்கும் குறைவு. அந்த வித்தியாசத்தை இறக்குமதித் தொகையால் வகுத்தால் 88 வீதம் வருகிறது. அதில் பாதி 44. பத்தாம் தர மாணவன் கூட, இது வரி வீதம் அல்ல, வர்த்தகப் பற்றாக்குறை என்று சொல்லிவிடுவான். ஆனால் கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் தைக்கும் யுவதிகளின் வேலை அந்த வகுத்தல் கணக்கில் தொங்கியது.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். ஒரு வாரத்தில் 90 நாள் தள்ளிவைப்பு, ஜூலையில் ஒரு கடிதத்தின் மூலம் 30 வீதம், ஓகஸ்டில் 20 வீதம். குறைந்ததே என்று ஆறுதல் அடைந்தோம். எத்தனை வீதம் என்றே எல்லோரும் பேசினோம். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. இந்த எண்ணை எழுதும் அதிகாரத்தை அந்த ஒரு மனிதருக்கு யார் கொடுத்தது?

அமெரிக்க அரசியலமைப்பின் முதலாம் உறுப்புரை இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது. வரி, தீர்வை என்பவற்றை விதிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு உரியது. பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்று பிரித்தானிய மன்னருக்கு எதிராகக் கிளர்ந்தவர்கள் கட்டிய நாடு அது. தனிமனித சுதந்திரத்தையும் வரையறுக்கப்பட்ட அரசாங்கத்தையும் முன்வைக்கும் செவ்வியல் தாராளவாதத்தின் அடிப்படைப் பாடமும் இதுதான்: மக்களின் பைக்குள் கைவிடும் அதிகாரத்தை ஆட்சியாளன் தனியே வைத்திருக்கக் கூடாது.

அந்த அதிகாரத்தை யாரும் களவாடவில்லை. காங்கிரஸே படிப்படியாகக் கையளித்தது. 1930இல் ஸ்மூட் ஹாலி சட்டத்தின் மூலம் காங்கிரஸ் தீர்வைகளை உயர்த்தியது. அதில் கையெழுத்திட வேண்டாம் என ஜனாதிபதி ஹூவரை 1,028 பொருளியலாளர்கள் கேட்டுக்கொண்டனர். அவர் கேட்கவில்லை. கனடா உள்ளிட்ட நாடுகள் பதிலடி கொடுத்தன, உலக வர்த்தகம் மேலும் சுருங்கியது. அந்த அனுபவத்திற்குப் பின், 1934 முதல் வரிகளைக் குறைக்கப் பேசும் பொறுப்பு ஜனாதிபதிக்குக் கொடுக்கப்பட்டது. 1962, 1974ஆம் ஆண்டுச் சட்டங்கள் சில நிபந்தனைகளுடன் உயர்த்தவும் அனுமதித்தன. குறைப்பதற்காகத் திறந்த கதவு வழியாகவே உயர்த்துவதும் நுழைந்தது.

ஏப்ரலில் அறிவித்த இந்த வரிகளுக்கு ட்ரம்ப் இந்தச் சட்டங்களைக் கூடப் பயன்படுத்தவில்லை. அவற்றில் விசாரணை, கால எல்லை போன்ற கட்டுப்பாடுகள் உண்டு. அவர் எடுத்தது 1977ஆம் ஆண்டின் சர்வதேச அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம். அதில் தீர்வை என்ற சொல்லே இல்லை. இறக்குமதியை ஒழுங்குபடுத்தலாம் என்று மட்டும் உள்ளது. அவருக்கு முன் எந்த ஜனாதிபதியும் இதைக் கொண்டு தீர்வை விதித்ததில்லை. பல தசாப்தங்களாக இருந்துவரும் வர்த்தகப் பற்றாக்குறை திடீரென அவசரகால நிலையாயிற்று.

காங்கிரஸ் என்ன செய்தது? கனடா, மெக்சிகோ, சீனா மீதான வரிகளுக்கு எதிராக வாக்கெடுப்புக் கோர சட்டம் 15 நாள் கணக்கு வைத்திருந்தது. பிரதிநிதிகள் சபை மார்ச்சில் ஒரு விதியை நிறைவேற்றியது: இவ்வமர்வின் எஞ்சிய நாட்கள் எதுவும் இந்த விடயத்தில் நாளாகக் கணிக்கப்படாது! சூரியன் உதித்து மறைகிறது, ஆனால் நாள் ஓடவில்லை. வாக்களித்து மாட்டிக்கொள்ளாமலிருக்க மக்கள் பிரதிநிதிகள் கண்டுபிடித்த வழி இது. ஒக்டோபர் இறுதியில் செனட் சபை 51க்கு 47 என்ற வாக்குகளால் உலகளாவிய வரிகளுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியும் கீழ்ச்சபையில் அது எடுக்கப்படவில்லை. எடுத்து நிறைவேற்றினாலும் ஜனாதிபதி தன் மறுப்பதிகாரத்தால் தடுக்கலாம். அதைத் தாண்ட இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு வேண்டும். கொடுக்கச் சாதாரண பெரும்பான்மை போதும், திருப்பி எடுக்க மூன்றில் இரண்டு வேண்டும். நவம்பர் 5ஆம் திகதி உச்ச நீதிமன்ற விசாரணையில் இந்தக் கவலையை எழுப்பியவர்களில் ட்ரம்ப் நியமித்த நீதியரசர் நீல் கோர்சச்சும் ஒருவர் என்பது கவனிக்கத்தக்கது.

ஜனநாயகக் கட்சியினர் இதில் தூய்மையானவர்கள் என்று எண்ண வேண்டாம். 2022இல் ஜோ பைடன், 2003ஆம் ஆண்டின் சட்டமொன்றைக் காட்டி, சுமார் 40,000 கோடி டொலர் மாணவர் கடனைக் காங்கிரஸின் ஒப்புதலின்றித் தள்ளுபடி செய்ய முயன்றார். 2023இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. நோக்கம் நல்லது என்பதால் அதிகார மீறல் சரியாகிவிடாது. அன்று கைதட்டியவர்கள் இன்று முறையிடுகிறார்கள். அன்று முறையிட்டவர்கள் இன்று கைதட்டுகிறார்கள்.

தொழிற்சாலைகளை மீட்கவே இந்த வரிகள் என்கிறார்கள் ஆதரவாளர்கள். அந்த வேதனை பொய்யல்ல. 1979இல் அமெரிக்க உற்பத்தித் துறையில் 1 கோடி 90 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலை செய்தனர். இன்று அது 1 கோடி 30 இலட்சத்துக்கும் குறைவு. வெறிச்சோடிய ஊர்கள் அங்கு உண்டு. ஆனால் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். 2018இல் சலவை இயந்திரங்களுக்கு வரி போட்டபோது சுமார் 1,800 வேலைகள் உருவாகின. விலையோ ஏறத்தாழ 12 வீதம் உயர்ந்தது. வரியே இல்லாத உலர்த்தும் இயந்திரத்தின் விலையும் சேர்ந்து உயர்ந்தது, காரணம் இரண்டும் சோடியாக விற்கப்படுபவை. ஒரு வேலைக்கு நுகர்வோர் கொடுத்த விலை 8 இலட்சம் டொலருக்கும் அதிகம் என ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். உருவான வேலை கண்ணுக்குத் தெரியும். குடும்பங்களின் பையிலிருந்து போன பணத்தால் நடக்காமல் போனவை தெரிவதில்லை.

நவம்பர் 14ஆம் திகதி ட்ரம்ப் நிர்வாகம் தேயிலை, கோப்பி, வாழைப்பழம், மாட்டிறைச்சி, சில வாசனைத் திரவியங்கள் ஆகியவற்றுக்கு விலக்களித்தது. வெளிநாட்டவரே வரியைச் செலுத்துகிறார் என்றால், அமெரிக்கக் குடும்பங்களின் செலவைக் குறைக்க இந்த விலக்கு எதற்கு?

1981இல் ஜனாதிபதி ரொனால்ட் ரீகன் ஒரு செய்தியாளர் மாநாட்டில் நமது இப்னு கல்தூனை மேற்கோள் காட்டினார். ஆட்சியின் தொடக்கத்தில் குறைந்த வரியால் நிறைந்த வருமானமும், முடிவில் கூடிய வரியால் குறைந்த வருமானமும் கிடைக்கும் என்பது அந்த அறிஞர் 14ஆம் நூற்றாண்டிலேயே அவதானித்தது. அதே ரீகன் 1987இல் தீர்வைகளின் தீமை பற்றி வானொலியில் பேசினார். (அவரும் ஜப்பானியப் பொருட்களுக்குச் சில தடைகள் போட்டவர்தான்.) அந்த உரையை ஒன்டாரியோ மாகாணம் 2025 ஒக்டோபரில் விளம்பரமாக ஒளிபரப்பியதும் ட்ரம்ப் கனடாவுடனான பேச்சுவார்த்தையை நிறுத்தினார். ஒரு விளம்பரத்தால் இரு நாடுகளின் வர்த்தகம் தடுமாறும் என்றால், அன்றைய 20 வீதம் மறுநாள் 40 ஆகாது என்று நமக்கு யார் உத்தரவாதம் தந்திருக்க முடியும்?

நமக்கு இதில் படிப்பினை உண்டு. நமது அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரையும் பொது நிதி மீதான முழுக் கட்டுப்பாட்டைப் பாராளுமன்றத்துக்கே தருகிறது. ஆயினும் 2020 ஒக்டோபரில் ஒரு கிலோ சீனி மீதான விசேட வியாபாரப் பண்ட அறவீடு ஒரு வர்த்தமானியால் 50 ரூபாவிலிருந்து 25 சதமாயிற்று. அரசுக்கு வருமானம் போனது, கடையில் விலை அதற்கேற்பக் குறையவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களை எரிக்கச் சொன்னதும் ஒரு வர்த்தமானிதான். வாக்கெடுப்பின்றி ஒரு கையெழுத்தில் இயங்கும் அதிகாரம் எங்கே போய் நிற்கும் என்பதை நம் சமூகத்துக்கு வேறு எவரும் விளக்கத் தேவையில்லை.

எனவே அமெரிக்காவைப் பார்த்துச் சிரிப்பதோடு நின்றுவிடக் கூடாது. நமது பிரதிநிதிகளிடம் நாம் கேட்க வேண்டியது, எந்த வரியைக் குறைப்பீர்கள் என்பது மட்டுமல்ல. வர்த்தமானி மூலம் வரி விதிக்கும் அதிகாரத்துக்கு என்ன கால எல்லை வைப்பீர்கள், எத்தனை நாட்களுக்குள் அதைச் சபையில் வாக்கெடுப்புக்கு விடுவீர்கள் என்றும் கேட்க வேண்டும். நல்லவர் கையில் இருக்கும்போதே அந்தப் பேனாவுக்கு மூடி போட்டுவிட வேண்டும். மற்றவர் கைக்குப் போன பிறகு அது முடியாது.