பாட்டிமார் பந்தாட்டம்

பேரன் பந்தாடுவான்; பந்து தெருவுக்கு ஓடினால் பாட்டி எடுத்துக் கொடுப்பாள். உலகமெங்கும் உள்ள வழக்கம் இதுதான். தென்னாப்பிரிக்காவின் வடகோடியிலுள்ள லிம்போபோ மாகாணத்தில் மட்டும், 2007-ம் ஆண்டில், இந்த வழக்கம் தலைகீழாயிற்று.

அங்கே பேக்கா என்ட்சன்விசி என்றொரு பெண்மணி. தாமே புற்றுநோய்க்கு ஆளாகித் துன்புற்றவர். தம் ஊர்ப் பக்கத்து முதிய ஸ்திரீகள் இரத்தக் கொதிப்பும் மூட்டுவலியுமாக மூலையில் முடங்கிக் கிடப்பதைக் கண்டு, அவர்களை அழைத்துச் சென்று தேகப்பயிற்சி செய்யத் தொடங்கினார். பக்கத்து மைதானத்தில் சிறுவர்கள் கால்பந்து ஆடிக் கொண்டிருந்தார்கள். ஒரு நாள் பந்து உருண்டு வந்தது. பாட்டிமார் அதைக் கையால் எடுத்துக் கொடுக்காமல் காலால் உதைத்துப் பார்த்தார்கள். அவ்வளவுதான்! அன்று பிடித்த ஆசை விடவில்லை. சிறுவர்களே குருமார்களாகி ஆட்டம் சொல்லிக் கொடுக்க, ஒரு குழு உண்டாயிற்று. அதன் பெயர் ‘வாக்கேகுலா வாக்கேகுலா’. ட்ஸோங்கா மொழியில் பாட்டிமார் என்று அர்த்தம்.

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக் கொண்டு வீட்டோடு இருக்க வேண்டிய வயதில் இது என்ன கூத்து என்று ஊரார் சிலர் முணுமுணுத்தார்களாம். முணுமுணுப்பதில் எல்லா ஊராரும் ஒரே ஜாதிதான். ஆயினும் 2010-ம் ஆண்டில் அந்தப் பாட்டிமார் அமெரிக்காவிலுள்ள மாஸசூஸெட்ஸ் மாகாணம் வரை சென்று பந்தயத்தில் ஆடித் திரும்பினார்கள். அவர்களுடைய பிரயாணத்துக்காக அம்மாகாணத்தில் பந்தாடும் நடுவயதுப் பெண்கள் பணம் திரட்டினார்கள் என்பதுதான் இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

நம் நாட்டுத் தாய்மார்கள் எல்லோரும் நாளையே பந்தை உதைக்க வேண்டுமென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பார்க்கலாம். வைத்தியர் “நடக்க வேண்டும், அம்மா” என்று சொல்லாத நாள் உண்டா? அம்மாள் தலையாட்டுகிறாள். மருந்துச் சீட்டு மட்டும் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, நடை நடக்கவில்லை. ஏன்? யாருடன் போவது? பார்ப்பவர் என்ன நினைப்பார்கள்? ஆறு மணிக்குப் பால் வந்தால் யார் காய்ச்சுவது? இந்தக் கேள்விகளுக்கு மருந்துக் கடையில் பதில் கிடைக்காது.

பிள்ளையார் கோயிலை நூற்றெட்டு முறை பிரதக்ஷிணம் செய்தால் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. அதே பாட்டி, அதே தூரத்தை, வெறுங்கையோடு தெருவில் நடந்தால், “எங்கே கிளம்பிவிட்டீர்கள்?” என்று நாலு பேர் கேட்கிறார்கள். காந்தியடிகள் 1930-ம் ஆண்டில், அறுபது பிராயத்தில், சபர்மதியிலிருந்து தண்டிக்கு 24 நாட்களில் சுமார் 240 மைல் நடந்தார். புறப்பட்டபோது அவர் பொறுக்கியெடுத்து உடன் அழைத்துச் சென்ற தொண்டர்களில் ஒரு பெண்கூட இல்லை. ஆண்கள் நடந்தால் சரித்திரம். பெண்கள் நடந்தால் விசாரணை!

வீட்டு வேலையே தேகப்பயிற்சி அல்லவா என்பார் சிலர். ஆட்டுக்கல்லும் அம்மியும் கிணற்று ராட்டினமும் இருந்த காலத்தில் அந்த வாதத்துக்கு ஓரளவு பலம் இருந்தது. இப்போது மாவை அரைப்பது மின்சாரம். மேலும், மாதவிடாய் நின்ற பிறகு சில வருஷங்களுக்குப் பெண்களின் எலும்பு விரைவாகத் தேய்கிறது. தசையும் வயதோடு குறைகிறது. ஆகவே விழுந்தால் இடுப்பெலும்பு முறியும் அபாயம் அதிகம். உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வெளியிட்ட யோசனையின்படி, வாரத்துக்கு 150 நிமிஷமாவது சற்று வேகமான நடை போன்ற உழைப்பு வேண்டும். அறுபத்தைந்து தாண்டியவர்கள் அதில் வாரம் மூன்று நாளாவது, கால் வலுப்பெறவும் நிலை தவறாமல் நிற்கவும் பழக வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, அதன் முதுகைப் பிடித்துக் கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, இவையெல்லாம் அந்தப் பழக்கத்தைச் சேர்ந்தவை. செலவு ஒரு காசும் இல்லை.

விழுந்தவர்களின் கதை வேறு. சென்ற வருஷம் என் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. முறிந்தது தைரியம். மறுபடி விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் வாசற்படி இறங்குவதை விட்டார். நடக்காததால் கால் மேலும் தளர்ந்தது. கால் தளர்ந்ததால் பயம் மேலும் வளர்ந்தது. நான் புத்தகத்தைப் படித்துக் காட்டினேன். கெஞ்சினேன். ஒரு நாள் அதட்டியும் பார்த்தேன். அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன். பலன் பூஜ்யம்.

பிறகு ஒரு நாள் விடியற்காலையில் எதிர்வீட்டு அம்மாள் வாசலில் வந்து நின்றார். “அக்கா, நான் தனியாகப் போனால் அந்தக் கறுப்பு நாய் விரட்டுகிறது. நீங்கள் தெருமுனை வரைக்கும் துணைக்கு வாருங்களேன்” என்றார். பிறருக்கு உதவி என்றால் என் தாயாரால் மறுக்க முடியாது. தெருமுனை பத்து நாளில் கோயிலாயிற்று. ஒரு மாதத்தில் எங்கள் பள்ளிக்கூட மைதானம் வரை நீண்டது. மைதானம் மாணவர்களுக்கா, கிழவிகளுக்கா என்று ஒரு பெரியவர் ஆட்சேபித்தார். மணி ஐந்தரைக்கு மாணவர்கள் உறங்குகிறார்கள் என்று தலைமையாசிரியர் பதில் சொன்னார். சாவி என்னிடம் இருக்கிறது. இப்போது ஒன்பது பேர் வருகிறார்கள். வகுப்பறை பெஞ்சியைப் பிடித்துக் கொண்டு வரிசையாக ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். யாராவது இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் மற்ற எட்டுப் பேரும் அவர் வீட்டு வாசலில்! நான் காலைக் காப்பியை நானே போட்டுக் கொள்ளக் கற்றுக் கொண்டேன்; அது குடிக்கும்படி இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

நகரசபையாருக்கு ஒரு வார்த்தை. பூங்காக்களில் இளைஞர்களுக்கென இரும்புக் கருவிகள் நிறுத்துகிறீர்கள், சந்தோஷம். முதிய பெண்கள் வெளியே வர வேண்டுமானால் வெளிச்சமும், உட்கார ஒரு பெஞ்சியும், பூட்டப்படாத சுத்தமான கழிப்பிடமும் வேண்டும். சொல்லக் கூச்சப்பட்டுக் கொண்டே பலர் வீட்டில் தங்கிவிடுகிறார்கள்.

அந்தக் கறுப்பு நாயைப் பற்றி விசாரித்தேன். எதிர்வீட்டு அம்மாள் அதற்கு மூன்று வருஷமாகத் தினந்தோறும் பிஸ்கோத்துப் போட்டு வளர்க்கிறாராம். போன வாரம் அடுத்த தெருவில் ஒரு வீட்டு வாசலில் என் தாயாரின் குரல் கேட்டது. “தனியாகப் போகப் பயமாயிருக்கிறது, நாய் விரட்டுகிறது, கொஞ்சம் துணைக்கு வருகிறீர்களா?” என்று யாரையோ கேட்டுக் கொண்டிருந்தார். நாய் அவர் காலடியில் வாலை ஆட்டிக் கொண்டு நின்றது.